அம்மா தட்டிப் பார்த்த சுவர்

அறைக்குள் நுழைந்ததும் அம்மா கட்டிலில் உட்காரவில்லை. தோளில் இருந்த பையை இறக்காமலே பின்பக்கச் சுவரிடம் போய், விரல் முட்டியால் நாலைந்து இடத்தில் தட்டினார். முழங்கால் உயரத்துக்குக் கீழே சத்தம் வேறு மாதிரி வந்தது, பூச்சுக்கு உள்ளே பொள்ளலாக இருப்பது போல. "ஓதம் ஏறியிருக்கு. மேலே சிமென்ட் பூசியிருக்காங்க. ராத்திரி இங்கே படுத்தா எனக்கு மூச்சு இழுக்கும்" என்றார்.

பார்வைக்கு அந்தச் சுவரில் ஒரு குறையும் இல்லை. சந்தன நிறப் பெயிண்ட், அதன் மேல் பழைய பெங்களூரின் கருப்பு வெள்ளைப் படங்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. அன்று இரவு பத்தரை மணிக்கு அம்மாவுக்கு இருமல் தொடங்கியது.

போன அக்டோபரில் அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்தது. அதற்காகத்தான் சென்னையிலிருந்து அக்கா வந்திருந்தாள். அம்மா பிறந்து வளர்ந்தது பெங்களூர் மல்லேஸ்வரத்தில், சம்பிகே ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு ஓட்டு வீட்டில். முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, நடுவில் சிவப்புத் தரை போட்ட கூடம். தாத்தா காலமான பிறகு மாமாக்கள் அதை விற்றார்கள். இன்று அந்த இடத்தில் நாலு மாடி அடுக்கு வீடு நிற்கிறது. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் அம்மா ஆட்டோவில் மறுபக்கம் திரும்பிக்கொள்வார். அதே பேட்டையில், அதே மாதிரியான நூறு வயது வீடு ஒன்றைச் சீரமைத்து பூட்டிக் ஹோட்டலாக, அதாவது சில அறைகளே உள்ள சிறிய ஹோட்டலாக, நடத்துகிறார்கள் என்று தெரிந்ததும், இரண்டு இரவு அங்கே தங்கலாம் என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம். அம்மாவுக்கு நாங்கள் தரக்கூடிய பரிசு அதைவிட வேறு எது இருக்க முடியும் என்றுதான் தோன்றியது.

பதிவு செய்யும்போது நான் கேட்டது ஒரே கேள்வி: கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த வீட்டில் லிஃப்ட் கிடையாது. இருக்கிறது என்றார்கள், பணம் கட்டிவிட்டேன். படத்தில் பார்த்த அறை உயரமான கூரையும், நான்கு கதவு ஜன்னலும், கண்ணாடி போல மின்னும் சிவப்புத் தரையுமாக இருந்தது. கிடைத்த அறையும் அதே வீட்டில்தான், ஆனால் பின்கட்டில். ஒரு காலத்தில் சமையலறையும் அதை ஒட்டிய பாத்திரம் துலக்கும் இடமுமாக இருந்த பகுதி அது.

இங்கேதான் எல்லோரும் தவறுகிறோம் என்று நினைக்கிறேன். புதிதாகக் கட்டிய ஹோட்டலில் 104-ம் 108-ம் ஒன்றுதான். பழைய வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பிறப்பு உண்டு. ஒன்று வக்கீலின் ஆபீஸ் அறையாக இருந்திருக்கும், ஒன்று பூஜை அறை, ஒன்று நெல் மூட்டை அடுக்கிய அறை, ஒன்று மாட்டுக் கொட்டில். "இந்த அறை முன்னால் என்னவாக இருந்தது?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டை அறிந்தவர்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த அறையின் படத்தை அறை எண்ணோடு அனுப்பச் சொல்லுங்கள். நான் இப்போது இன்னொன்றும் கேட்கிறேன்: வாசல் கேட்டிலிருந்து கட்டில் வரை நடந்து வந்து ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று. அரை நிமிட வீடியோவில் படிகள், நிலைப்படி, வெளிச்சம், குளியலறை எல்லாம் தெரிந்துவிடும்.

படி என்றதும் குளியலறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் 1898-ல் பிளேக் வந்தது. அதன் பிறகுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமாக வளர்ந்தன. நெரிசலான பழைய பேட்டைகளிலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவருவதற்காக அகலமான தெருக்களும், வீடுகளின் பின்புறம் துப்புரவுக்கென்று தனிச் சந்துகளும் விட்டார்கள். கழிப்பறை அந்தச் சந்தை ஒட்டி, வீட்டை விட்டு விலகித்தான் இருக்கும். படுக்கை அறைக்குள் குளியலறை என்பது அந்த வீடுகளுக்குத் தெரியாத ஒன்று. ஆகவே ஹோட்டலில் நீங்கள் பார்க்கும் குளியலறை பிற்பாடு நுழைத்தது. பழைய தரையை உடைக்காமல் குழாய் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத் தரையையே உயர்த்தி, அதற்குள் குழாயை ஓட்டியிருப்பார்கள். எங்கள் அறையில் அந்த உயரம் இரண்டு படி. கைப்பிடி இல்லை. பழைய தரையைக் காப்பாற்றியது நல்ல வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஈரக் காலோடு இறங்கிய அம்மா முதல் படியைத் தவறவிட்டார். நான் விழித்திருந்ததால் கையைப் பிடித்துவிட்டேன். பிடிக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வயதானவர்களோடு போகிறவர்கள் "குளியலறைக்கு எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா" என்று கட்டாயம் கேளுங்கள். கூடவே பிளக்கில் செருகும் சின்ன இரவு விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டும், ஏனென்றால் பிளக் பாயிண்டும் இந்த வீடுகளில் குறைவு. சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து வந்த மின்சாரத்தில் பெங்களூரின் தெருவிளக்குகள் முதன்முதலில் எரிந்தது 1905-ல். அந்தக் காலத்து வீட்டுக்குள் அதற்கும் பிறகுதான் மின்சாரம் நுழைந்திருக்கும், அதுவும் அறைக்கு ஒரு விளக்கு என்ற கணக்கில். சீரமைக்கும்போது சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாய் பதிக்க மனம் வராமல், கதவோரமாக ஒன்றிரண்டு பாயிண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கட்டிலுக்கு அருகில் ஒன்றும் இருக்காது. அம்மாவின் வெந்நீர்க் கெட்டிலைக் கதவுக்குப் பின்னால் தரையில் வைத்துத்தான் போட்டோம். நெபுலைசர் போல ஏதாவது தேவைப்படுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இரவு முழுக்க மேலே யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். மாடியில் மரத்தளம். குதிகால் வைக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் தலைக்கு மேல் அடி விழுந்தது. அவர்கள் மேல் குற்றமில்லை, மெதுவாகத்தான் நடந்தார்கள். தூக்கம் லேசானவர்கள் மேல்மாடி கேளுங்கள், அல்லது மேலே ஓடு மட்டும் உள்ள அறையைக் கேளுங்கள்.

காலையில் ரிசப்ஷனில் போய் நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடவில்லை. அம்மாவின் மூச்சு, படி, சுவர், இந்த மூன்றையும் சொன்னேன். மேனேஜர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரைக் கூப்பிட்டார். அவர் கிருஷ்ணகிரிக்காரர், அறுபது வயதிருக்கும். சீரமைப்பு வேலை நடந்தபோது முதல் நாளிலிருந்து இங்கேயே இருந்தவர். வந்ததும் அம்மாவைப் பார்த்து, "சுவத்தைத் தட்டிப் பார்த்தது நீங்கதானாம்மா?" என்றார். அம்மா ஆமாம் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. தன் வேலையைப் புரிந்துகொள்ளும் ஒருவரைப் பார்த்த சந்தோஷம் அது.

"முன்கட்டு முழுக்க சுண்ணாம்புதான்மா. குழி வெட்டி, நீத்துப் போட்டு, புளிக்க வச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணி ஊத்தி அரைச்சது. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து கொத்தனாருங்க வந்து பூசினாங்க. பின்கட்டு மட்டும் எங்களுக்கு முன்னாடி வாடகைக்கு இருந்தவங்க சிமென்ட் பூசிட்டுப் போயிட்டாங்க. அதை உரிச்சா செங்கல்லும் சேர்ந்து வருது. அப்படியே விட்டுட்டோம்."

அந்த ஒரு பேச்சில் எனக்கு நிறையப் புரிந்தது. அந்தக் காலத்துச் செங்கல் சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மழைக்காலத்தில் மண்ணின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால் ஏறிய ஈரம் வெயில் வந்ததும் காற்றோடு போய்விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் சுவருக்குள்ளேயே இன்னும் உயரத்துக்கு ஏறும். கரைந்து வந்த உப்பு பெயிண்டுக்குப் பின்னால் பூத்துப் பூச்சைத் தள்ளும். அம்மா கேட்ட பொள்ளல் சத்தம் அதுதான். இதோடு ஜன்னலையும் மூடி ஏசியைப் போட்டுவிட்டால் பூஞ்சை வாடை அறைக்குள்ளேயே தங்கிவிடும். நாங்கள் முதல் இரவு செய்ததும் அதுதான்.

ஓதம் பார்ப்பதற்கு அம்மா சொல்லித் தந்தது இது. அறைக்குள் கால் வைத்ததும் முதல் மூச்சிலேயே வாடை தெரியும், ஐந்து நிமிடம் போனால் மூக்கு பழகிவிடும். அதனால் ரூம் ஃப்ரெஷ்னர் அடித்திருக்கும் அறையில் ஜன்னலைத் திறந்து, கொஞ்சம் வெளியே நின்றுவிட்டு மறுபடி நுழைய வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னாலும், அலமாரியின் உட்பக்கத்திலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் குமிழ் விட்டிருந்தாலும், புதிதாகத் திட்டுத் திட்டாக அடித்திருந்தாலும், அந்த அறை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பையைத் திறப்பதற்கு முன்பே இதையெல்லாம் செய்துவிட்டால் மாற்றிக் கேட்பது சுலபம்.

முன்கட்டில் வராந்தாவை ஒட்டிய அறை ஒன்று மறுநாள் காலியாக இருந்தது. அதை எங்களுக்குக் கொடுத்தார்கள், கட்டண வித்தியாசத்தோடு. பின்கட்டு அறை ஒரு இரவுக்கு 7,200 ரூபாய், முன்கட்டு 7,900. எழுநூறு ரூபாய்தானே என்று நினைத்தேன். ஆனால் ஒரு நாள் வாடகை 7,500-ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுவரை 5 சதவீதம். ஆகவே ஒன்று 7,560, மற்றது 9,322. பதிவு செய்யும்போது வரி சேர்த்து எவ்வளவு என்று கேட்காமல் இரண்டு அறைகளை ஒப்பிடாதீர்கள்.

அந்த முன்கட்டு அறையில் நுழைந்தபோது அம்மா எங்கேயும் தட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடுவில் நின்றார். சிவப்புத் தரையின் குளிர்ச்சி காலில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. "எங்க கூடத்துல இதே மாதிரி. பாட்டி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பாங்க" என்றார். ஒன்றரை அடி தடிமனுள்ள சுவர். மேலே மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு பெங்களூர் வீடுகளின் கூரையை மாற்றியது அந்த ஓடுதான். வராந்தா முகப்பில் கூரான மரப் பட்டிகள் தொங்கும் மங்கி டாப். சாய்வாக வரும் மழையையும் மாலை வெயிலையும் அது உள்ளே விடாமல் நிறுத்துகிறது, காற்றை மட்டும் விடுகிறது. 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு இந்த வீடு போதும். அன்று இரவு ஏசி போடவில்லை, மின்விசிறியைக்கூட ஒன்றில் வைத்திருந்தோம்.

குறை இல்லாமல் இல்லை. காலை ஐந்தரைக்கே தெருவில் பால் வண்டி, ஆறு மணிக்குப் பூக்காரர்கள், பிறகு ஆட்டோக்கள். மரக் கதவு ஜன்னல் எந்தச் சத்தத்தையும் தடுக்காது. அக்கா தூங்கவில்லை. அம்மாவோ, இந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவர், நன்றாகத் தூங்கினார். வைஃபை அந்தத் தடிச் சுவரைத் தாண்டி வரவில்லை, அக்கா தன் ஆபீஸ் போன் அழைப்பை வராந்தாவில் உட்கார்ந்து பேசினாள். கொசுவும் இருந்தது, முற்றத்தில் தாமரைத் தொட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டதும் கொசுவலை கட்டிக் கொடுத்தார்கள். யாரும் கேட்காததால் அலமாரியில் மடித்து வைத்திருந்தார்களாம்.

அறை மாறிய பிறகுதான் இன்னொன்று என் கண்ணில் பட்டது. பின்கட்டு அறைக்கு வெளியே வர ஒரே கதவு, ஜன்னல்களில் அசையாத இரும்புக் கம்பி. முன்கட்டு அறைக்கு இரண்டு கதவு, ஒன்று கூடத்துக்கு, ஒன்று நேராக வராந்தாவுக்கு. மர உத்தரம், மரப்படி, மரத்தளம் உள்ள வீட்டில் தீ பிடித்தால் எந்த வழியாக வெளியே போவது? மாடி அறை எடுப்பவர்கள் மரப்படியைத் தவிர வேறு படி இருக்கிறதா என்று கேட்கத் தயங்கக் கூடாது. கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் நான் என் அம்மாவைத் தங்க வைக்க மாட்டேன்.

வரவேற்பறையில் இருந்த தேக்குத் தூண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா பார்த்ததுமே, "இது இந்த வீட்டுத் தூண் இல்லை, செட்டிநாட்டு வீட்டுது" என்றார். பெரியவரும் ஒப்புக்கொண்டார், காரைக்குடியில் வாங்கியதாம். அங்கே பழைய பொருள் விற்கும் கடைத்தெருவில் இப்படிப்பட்ட தூண்கள், கதவு நிலைகள் எல்லாம் கிடைக்கும். வாங்கியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாங்காவிட்டால் அவை விறகாகக்கூடப் போயிருக்கலாம். ஆனால் ஒரு வீட்டைக் காப்பாற்றியதற்கு அடையாளமாக நாம் படம் எடுத்துக்கொள்வது, இன்னொரு வீடு பிரிக்கப்பட்டதன் மிச்சத்தோடு என்பது தெரிந்திருக்க வேண்டும். விருந்தாளியாகப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, எது இந்த வீட்டோடு பிறந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்பது. மத்திய சுற்றுலா அமைச்சகம் ஒரு ஹோட்டலை ஹெரிடேஜ் என்று வகைப்படுத்தக் கட்டடம் 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும், அதற்கு மேல்நிலையான கிளாசிக் வகைக்கு 1935-க்கு முன். பூட்டிக் என்ற சொல்லுக்கு அப்படி வயதுக் கணக்கு கிடையாது. பெயர்ப்பலகையை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மல்லேஸ்வரத்தில் தங்குபவர்கள் காலை உணவு சேர்க்காத கட்டணம் இருந்தால் அதையே எடுக்கலாம். இரண்டாம் நாள் மார்கோசா ரோட்டில் சிடிஆரில் காத்திருந்து பென்னெ தோசை சாப்பிட்டோம். வீணா ஸ்டோர்ஸ் இட்லி அம்மாவுக்கு இன்னும் பிடிக்கும், ஆனால் அங்கே நின்றுதான் சாப்பிட வேண்டும். பார்சல் வாங்கி வந்து வராந்தாவில் வைத்துச் சாப்பிட்டோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் அவசரமாக எல்லா ஜன்னல்களையும் சாத்தப் போனான். அம்மா அவனைத் தடுத்தார். நான்கு கதவு ஜன்னலில் கீழ்க் கதவு இரண்டையும் மூடிக் கொக்கி மாட்டினார். மேல் கதவுகளைப் பாதி திறந்தபடி கம்பியில் நிறுத்தினார். பிறகு சுவரின் உச்சியில் இருந்த வென்டிலேட்டரைப் பார்த்தார். "கீழேயிருந்து வர்ற சூடு அந்த வழியாத்தான் வெளியே போகணும். கயிறு எங்கே?" என்று கேட்டார். பையனுக்குத் தமிழும் தெரியவில்லை, கன்னடமும் தெரியவில்லை. பெரியவர்தான் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "கயிறு அறுந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. யாரும் கேக்கலை" என்றார்.

மறுநாள் காலை நாங்கள் பை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஏணியோடு வந்தார். வெள்ளை நூல் கயிறு ஒன்றை வென்டிலேட்டரின் வளையத்தில் கோத்து, அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினார். அம்மா ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திறந்தது. ஆட்டோ வந்து நின்ற பிறகும் இன்னொரு முறை உள்ளே போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.